குன்னூர்த் தேயிலைக்குக் கொச்சித் துறைமுகம் எப்படி? ஏற்றுமதியாளருக்கான மதிப்பீடு

குன்னூரில் வியாழனும் வெள்ளியும் நடக்கும் ஏலத்தில் லாட் (ஏலத்துக்கு வரும் தேயிலைத் தொகுதி) எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் முன்னால் மூன்று துறைமுகங்கள் இருக்கின்றன. கொச்சியின் வல்லார்பாடம் முனையம் சாலை வழியாகச் சுமார் 260 கிலோமீட்டர். தூத்துக்குடி சுமார் 420. சென்னை 570-ஐ ஒட்டி வரும். தூரத்தை மட்டும் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. ஆனால் பெட்டி (கண்டெய்னர்) எந்தத் துறைமுகத்தில் கப்பல் மாறுகிறது, மழை மாதத்தில் சரக்குக்கு என்ன ஆகிறது, கடைசி 20 கிலோமீட்டரில் எவ்வளவு நேரம் போகிறது என்பதையும் சேர்த்துத்தான் துறைமுகத்தை எடை போட வேண்டும்.

அப்படிப் போட்டாலும் எங்கள் ஓட்டு கொச்சிக்கே. வளைகுடா, ஈராக், ரஷ்யா, ஐரோப்பா என்று மேற்கே போகும் சரக்குக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் நீலகிரிக்கு இல்லை. முழு மதிப்பெண் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. தேயிலை கெட்டுப்போனதாகப் புகார் வந்தால் பலர் கப்பலைத் திட்டுகிறார்கள். கெடுதல் பெரும்பாலும் குன்னூர் மலைச்சாலையில் உள்ள பர்லியாருக்கும் வல்லார்பாடம் கேட்டுக்கும் நடுவிலேயே நடந்து முடிந்திருக்கும்.

கொச்சியின் கதை தெரியாமல் அதன் கட்டணப் பட்டியல் புரியாது. பழைய முசிறித் துறைமுகம் பெரியாற்றின் முகத்தில் இருந்தது. 1341-இல் வந்த பெருவெள்ளம் அந்தப் பக்கத்து முகத்தைத் தூர்த்து, தெற்கே கொச்சியில் காயலுக்குக் கடல்வாய் திறந்துவிட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. பிறகு 1500-இல் போர்ச்சுக்கீசியர், 1663-இல் டச்சுக்காரர், 1795-இல் ஆங்கிலேயர். வாயை அடைத்துக் கிடந்த மணல் திட்டை இவர்களில் யாரும் நெடுங்காலம் அசைக்கவில்லை. பெரிய கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போடும், சரக்கு படகில் போய் ஏறும். தென்மேற்குப் பருவமழை பிடித்தால் அந்த வேலையும் படுத்துவிடும்.

1920-இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கொச்சிக்கு வந்தார். அனுப்பியவர் சென்னை மாகாண ஆளுநர் வில்லிங்டன். கோடை வந்தால் ஊட்டிக்கு ஏறிவிடும் அதே சென்னை அரசுதான். திட்டை வெட்டினால் வைப்பின் தீவின் கரையைக் கடல் அரித்துவிடும் என்ற பயம் இருந்தது. கருங்கல் தடுப்புகள் போட்டுக் கரையைக் காத்துக்கொண்டு, 450 அடி அகலத்தில் மூன்றரை மைல் நீளத்துக்குக் கால்வாய் தோண்டினார்கள். வாரிய மண்ணைக் கொட்டி எழுப்பியதுதான் வில்லிங்டன் தீவு. 1928 மே 26-இல் பத்மா என்ற கப்பல் உள்ளே நுழைந்தது. 1936-இல் பெருந்துறைமுகம் என்ற தகுதி கிடைத்தது. தென்பிராந்தியக் கடற்படையின் தலைமையகம், ஐஎன்எஸ் விக்ராந்தைக் கட்டிய கப்பல் கட்டும் தளம், கச்சா எண்ணெய், புதுவைப்பின் எரிவாயு முனையம் எல்லாம் இன்று இந்த ஒரே கடல்வாயைச் சுற்றித்தான் இருக்கின்றன.

தோண்டி உண்டாக்கிய துறைமுகத்தை நிறுத்தாமல் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறுகள் கொண்டுவரும் சேறு ஒவ்வொரு மழைக்காலத்திலும் கால்வாயில் படிகிறது. அதை வாரும் செலவு கப்பலிடம் வாங்கும் கட்டணத்தில் ஏறுகிறது. கட்டணம் கூடினால் பெரிய கப்பல்காரன் கொழும்பிலேயே நின்றுவிடுகிறான். உங்கள் பெட்டி சிறிய கப்பலில் கொழும்புக்கோ துபாயின் ஜெபல் அலிக்கோ போய் அங்கே மாறுவதற்குப் பின்னால் இந்தச் சேற்றுக் கணக்கும் இருக்கிறது.

இப்போது பெட்டி போகும் இடம் வில்லிங்டன் தீவு அல்ல, வல்லார்பாடம். 2011 பிப்ரவரி 11-இல் திறந்த முனையம், டிபி வேர்ல்ட் நடத்துவது. கப்பல் நிற்கும் மேடை 600 மீட்டர், கப்பல் மிதக்கக் கிடைக்கும் ஆழம் 14.5 மீட்டர், இருபது அடிக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பெட்டிகளைக் கையாளும் திறன். கொழும்புக்குப் போகும் இந்தியச் சரக்கை இங்கே இழுப்பதுதான் திட்டம். அதற்காக இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே வெளிநாட்டுக் கப்பல்களும் பெட்டி ஏற்றலாம் என்ற சலுகை 2012-இல் வல்லார்பாடத்துக்குக் கிடைத்தது. 2018-இல் அதே சலுகை எல்லாத் துறைமுகத்துக்கும் போனதும் கொச்சியின் தனி லாபம் போயிற்று. நமக்கு இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு: பெரிய கப்பலுக்காகக் கட்டிய வசதி, அளவான கூட்டம். கேட்டுக்கு உள்ளே போன பிறகு கொச்சியில் குறை சொல்ல அதிகம் இல்லை.

குறை கேட்டுக்கு வெளியே. தேயிலைக் கிடங்குகளும் கொச்சி ஏல மையமும் இருப்பது வில்லிங்டன் தீவில். அங்கே நின்று பார்த்தால் காயலுக்கு அப்பால் முனையத்தின் கிரேன்கள் தெரியும். சாலையிலோ டிரெய்லர் குண்டனூர், வைற்றிலா, இடப்பள்ளி என்று நகரத்தையே சுற்ற வேண்டும். காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் கனரக வண்டிக்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. தீவில் கிடங்கு வைத்திருப்பவருக்கு இது தினப்பாடு. குன்னூர்க்காரர் இதைத் தவிர்க்கலாம். கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ பெட்டியை நிரப்பி, களமசேரியில் திரும்பி, சுமார் 17 கிலோமீட்டர் கண்டெய்னர் ரோடு வழியாக நேரே வல்லார்பாடம் போய்விடலாம். நகரத்துக்குள் கால் வைக்கவே வேண்டாம். அந்தச் சாலையில் லாரி நிறுத்துவதற்குப் போதிய இடம் கிடையாது. கட்-ஆஃப் நேரத்துக்கு (முனையம் பெட்டியை ஏற்கும் கடைசி நேரம்) வெகு முன்னால் போய்ச் சேரும் டிரைவர் ரோட்டோரம்தான் நிற்க வேண்டியிருக்கும். அங்கமாலிக்கு முன்பே ஓய்வு எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இடையில் உள்ள சாலையைப் பற்றி இரண்டு வார்த்தை. குதிரான் சுரங்கப்பாதைகள் 2021, 2022-இல் திறந்த பிறகு பாலக்காடு – திருச்சூர் பகுதியில் இருந்த பழைய தொல்லை தீர்ந்தது. தொல்லை இப்போது திருச்சூருக்குத் தெற்கே இடம் மாறியிருக்கிறது. மண்ணுத்தி – இடப்பள்ளிப் பகுதியில் கீழ்ப்பாலப் பணிகளால் ஏற்பட்ட நெரிசலுக்காக 2025 ஆகஸ்டில் பாலியேக்கரை சுங்கவசூலையே கேரள உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். இரவில் கோவையை விட்டு விடியலுக்கு முன் ஆலுவா தாண்டுவதே புத்தி. கூடலூர், பந்தலூர்த் தோட்டங்களிலிருந்து நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியாகவும் கொச்சி போகலாம். அது லாரிக்குத்தான் சரி, டிரெய்லருக்கு ஆகாது; மழையில் அதுவும் நிச்சயமில்லை.

மலைக்கு வருவோம். குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். நாற்பது அடிப் பெட்டியை மேலே ஏற்றும் பேச்சே வேண்டாம். ஃபேக்டரியிலிருந்து ஆறு சக்கர லாரியில் கீழே இறக்கி, சமவெளியில் பெட்டியில் நிரப்புவதுதான் நடைமுறை. இந்த மாற்றத்தில்தான் தேயிலை முதல் அடி வாங்குகிறது.

டிரையரிலிருந்து வரும்போது தேயிலையில் 3 சதவீதத்தை ஒட்டி ஈரம் இருக்கும். 6 சதவீதத்தைத் தாண்டினால் வாசனை மட்டுப்பட்டு, பூசண வாடை தலை காட்டத் தொடங்கும். டிசம்பர் இரவில் குன்னூரில் 10, 12 டிகிரிக் குளிரில் ஏற்றிய மூட்டை, விடியலில் கீழே வந்தபோதும் உள்ளே அதே குளிரோடு இருக்கும். அடுக்கிய தேயிலை வெப்பத்தை மெதுவாகத்தான் வாங்கும். சமவெளியின் ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த மேல்பரப்பில் பட்டதும் வியர்த்துவிடும். தார்ப்பாயை அவிழ்த்த அரை மணியில் மூட்டையின் காகிதத்தைத் தடவிப் பாருங்கள், விரல் ஈரமாகும். அந்த நிலையில் பெட்டிக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினால், ஈரத்தையும் சேர்த்து சீல் வைத்ததாக ஆகிறது. மூட்டையின் உள்ளே அலுமினியத் தாள் இருக்கிறதே என்று சமாதானம் சொல்வார்கள். தையல் ஓட்டையும் மடிப்பில் விழுந்த கீறலும் போதும். செய்ய வேண்டியது எளிது: தார்ப்பாயை எடுக்காமல் லாரியைக் கூரையின் கீழ் ஓரிரவு நிறுத்துங்கள், அல்லது இறக்கிய மூட்டைகளை மூடிய கிடங்கில், தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி, பாய் போர்த்தி வையுங்கள். மூட்டை கைக்குக் குளிராமல் இருக்கும்போது நிரப்பலாம். லாரி வாடகையில் ஒரு நாள் கூடும், அவ்வளவுதான்.

சில்லறைப் பாக்கெட் அனுப்புகிறவர்களுக்கு வேறொரு சங்கதி. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலையில் ஒட்டிய பவுச் கொச்சிக்கு இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பவுச் சப்பையாகிவிடும். அட்டைப்பெட்டிக்குள் இடம் விடுபட்டு, அடுக்கின் அடியில் இருக்கும் பெட்டிகள் நசுங்கும். வாங்குகிறவர் 'எடை குறைவு' என்று சந்தேகப்படுவதும் இதனால்தான். அட்டைப்பெட்டியின் அளவை மலையில் எடுக்காமல், சமவெளிக்கு இறக்கிய பவுச்சை வைத்து எடுங்கள்.

அடுத்தது பெட்டித் தேர்வு. கொச்சியில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். இந்தத் துறைமுகத்தின் சரக்கே மிளகு, ஏலம், முந்திரி, ரப்பர், கயிறு, மீன். தேயிலை அத்தனை வாசனையையும் உறிஞ்சும். போன பயணத்தில் மசாலா ஏற்றிய பெட்டி பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், தரைப்பலகை மட்டும் வாடையைப் பிடித்து வைத்திருக்கும். காலிப் பெட்டி வந்ததும் ஆள் ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்கட்டும். கூரையிலோ மூலையிலோ வெளிச்சப் புள்ளி தெரிந்தால் ஓட்டை. மூக்கில் ஏதாவது ஏறினால் திருப்பி அனுப்புங்கள். கழுவித் தருகிறோம் என்பார்கள். கழுவிய பெட்டியின் தரை ஈரம் காய நாளாகும், அதை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஈரமானி இருந்தால் தரைப்பலகையில் 18 சதவீதத்துக்கு மேல் காட்டுவதை வாங்காதீர்கள். பாலெட்டுக்கும் இதே விதி. 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய முத்திரை உள்ள மரம் வேண்டும் என்பது இறக்குமதி நாடுகள் கேட்பது. முத்திரை இருந்தும் மழையில் நனைந்து கிடந்த பாலெட், பெட்டிக்குள் நீர் ஊற்றுகிற வேலையைத்தான் செய்யும்.

இருபது அடிப் பெட்டியில் சுமார் 33 கன மீட்டர், சாதாரண நாற்பதில் 67, உயரமான நாற்பதில் 76. ஆர்த்தடாக்ஸ் (முறுக்கிய முழு இலைத் தேயிலை) இலை இடத்தை அடைக்கும், எடை நிற்காது. எடை வரம்பு வருவதற்கு முன்பே பெட்டி நிரம்பிவிடும். ஆகவே இலைக்கு உயரமான நாற்பது லாபம். சிடிசி டஸ்ட் (நொறுக்கிச் சுருட்டிய தூள் தேயிலை) கனமானது, அதற்கு இருபது அடியே சரி. குளிர்காலத்தில் வடக்கு நாடுகளுக்குப் போகும் பெட்டியில் கூரை குளிர்ந்து உள்ளே நீர் சொட்டும். இருபது அடிக்கு, ஒவ்வொன்றும் ஒரு கிலோ எடையுள்ள ஈரம் உறிஞ்சும் பட்டைகள் ஆறு முதல் எட்டு தொங்கவிடுவதும், மேல் அடுக்கின்மேல் கிராஃப்ட் காகிதம் போர்த்துவதும் வழக்கம். காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக் போர்த்துபவர்கள் உண்டு. சொட்டிய நீர் அதன்மேல் தேங்கி ஒரு மூலைக்கு ஓடி, அங்கே உள்ள மூட்டைகளை மொத்தமாக நனைக்கும். காகிதமே நல்லது.

ஆவணங்களில் புதிதாக ஒன்றுமில்லை. தேயிலை வாரியத்தின் ஏற்றுமதி உரிமம், ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி விவரப் படிவம்), வாங்கும் நாடு கேட்டால் பயிர் நலச் சான்று. கறுப்புத் தேயிலை 3 கிலோவுக்கு மேற்பட்ட பொதியென்றால் சுங்கத் தலைப்பு 0902 40, அதற்கு உட்பட்ட பாக்கெட் என்றால் 0902 30. இரண்டும் கலந்த பெட்டிக்கு ஒரே தலைப்பில் பில் போட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. நம் மலைக்கே உரிய சிக்கல் இ-வே பில்லில் (சரக்கு வண்டிக்கான மின்னணு அனுமதிச் சீட்டு) இருக்கிறது. லாரியிலிருந்து டிரெய்லருக்குச் சரக்கு மாறும்போது வண்டி எண்ணைப் புதுப்பிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் மறந்தால் வழிச் சோதனையில் வண்டி நிற்கும். சொந்தக் கிடங்கில் தானே சீல் வைக்கும் அனுமதி உள்ளவர்கள் மின்னணு சீலின் எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஒத்துப் பார்க்கட்டும். ஒரு இலக்கம் தவறினால் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். மழை மாதத்தில் திறந்த பெட்டியின் தேயிலைக்கு உத்தரவாதம் கிடையாது.

நிரப்பிய பெட்டியின் சரிபார்த்த எடை இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க இதுதான் விதி. வண்டியோடு எடை போட்டு வண்டி எடையைக் கழிப்பவர்கள் டிரெய்லரின் காலி எடையை அதே எடைமேடையில், அதே அளவு டீசலோடு எடுக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணை வைத்துக் கழித்தால் நூற்றுக்கணக்கான கிலோ இடிக்கும்.

கொச்சியில் நிரப்ப வேண்டிய கட்டாயம் வந்தால் சுமை கூலியை முன்கூட்டி எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வேலை செய்யாமல் நின்று பார்ப்பதற்கு வாங்கிய நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் ஒழித்துவிட்டது. கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அதே நேரம், பதிவு பெற்ற சுமைத் தொழிலாளர் உள்ள இடத்தில் கோவையிலிருந்து ஆள் கூட்டிப் போய் இறக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வேலை தெரிந்தவர்கள், கொக்கி போடாமல் தூக்கச் சொன்னால் கேட்பார்கள். கொக்கி விழுந்த ஒவ்வொரு மூட்டையும் ஈரத்துக்குத் திறந்த வாசல்.

பருவத்தைப் பற்றி நீலகிரிக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வரும் உறைபனிக் காலத் தேயிலைதான் நம் சிறந்த சரக்கு. அது இறங்கும் மாதங்களில் மலைச்சாலையும் காய்ந்திருக்கும், கொச்சியிலும் மழை இருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தொல்லை துறைமுகப் பக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொல்லை நம் பக்கம்: வடகிழக்கு மழையில் குன்னூர் சாலை சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். அந்த மூன்று மாதம் கட்-ஆஃப்புக்கு மூன்று நாள் முன்பே சரக்கு சமவெளியில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது உத்தமம்.

தூத்துக்குடியை எப்போது எடுக்கலாம்? கிழக்கு நாடுகளுக்குக் கொழும்பில் மாறிப் போகும் சரக்கென்றால், கொச்சியில் தோதான கப்பல் இல்லாத வாரத்தில். தென்மேற்கு மழையின் நடுவில் அங்கே காற்று காய்ந்திருக்கும், ஈரப் பயம் குறைவு. கூடுதல் 160 கிலோமீட்டருக்கான வாடகை மட்டும் கையைக் கடிக்கும். 2025 மே 2-இல் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்ட விழிஞ்ஞம் ஆழத்தில் கொச்சியைத் தோற்கடிக்கும். ஆனால் அது கப்பலுக்குக் கப்பல் பெட்டி மாற்றுவதற்காக எழுந்த துறைமுகம், குன்னூர் லாரிக்கான வாசல் அல்ல. ஏஜெண்டிடம் விலை கேட்கும்போதே எங்கே மாறுகிறது, அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்று சேர்த்துக் கேளுங்கள். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் ஐரோப்பியக் கப்பல்கள் பல நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பத்து நாளுக்கு மேல் கூடினால் ஈரம் உறிஞ்சும் பட்டையின் கணக்கும் மாறும்.

காப்பீட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 2025 மே 25-இல் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வரும் வழியில் 640 பெட்டிகளோடு மூழ்கியது. இவ்வளவு குறுகிய ஓட்டத்திலும் அது நடக்கும். ஃபேக்டரி வாசலிலிருந்து வாங்குகிறவர் கிடங்கு வரைக்கும் பாலிசி எடுங்கள், அதில் ஈரச் சேதமும் வாடைச் சேதமும் பெயரிட்டு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு லாட்டிலும் 200 கிராம் மாதிரி எடுத்துத் தகர டப்பாவில் சீல் வைத்துக் குன்னூரிலேயே வைத்திருந்தால், மூன்று மாதம் கழித்து வரும் புகாருக்கு ருசி பார்த்துப் பதில் சொல்லலாம்.

நூறு கிலோ, இருநூறு கிலோ என்று சிறு அளவில் தேயிலை விற்கும் சிறு தயாரிப்பாளர்களுக்குக் கடல்வழியைப் பரிந்துரைக்க மாட்டோம். பலருடைய சரக்கைச் சேர்த்து நிரப்பும் பெட்டியில் உங்கள் பக்கத்து மூட்டை ஏலக்காயா, கருவாடா என்று தேர்ந்தெடுக்க வழியில்லை. கிலோவுக்குச் செலவு கூடினாலும் கோவையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ விமானத்தில் அனுப்புங்கள்.